அம்மாவின் ஸ்மார்ட்போன்: 2022இலிருந்து பாவித்துப் பார்த்ததில் தெரிந்தவை

இலங்கையில் பெற்றோல் தட்டுப்பாட்டில் ஷெட்டில் கியூஆர் கேட்ட 2022இல்தான் அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் வாங்கினோம், ஸ்கூட்டி அவர் பெயரில் இருந்ததால். கடைசியில் அந்த கியூஆரைத் திருஞானசம்பந்தர் வீதியில் ஒரு கடையில் பிரிண்ட் எடுத்து, லேமினேட் பண்ணித்தான் ஷெட்டுக்குக் கொண்டு போனோம். போன் வீட்டோடு தங்கிவிட்டது. அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை, திருகோணமலை உவர்மலையில் தனியாக இருக்கிறார், தங்கச்சி டொரன்டோவில், நான் பக்கத்தில் உப்புவெளியில். ஆக எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வீட்டுக் கதைதான், ஆனால் வயதானவர்களுக்கு போன் வாங்க யோசிக்கிறவர்களுக்கு இதில் கொஞ்சமாவது உதவும்.

முதலில் கைவிரல் விஷயம். "எனக்கு இது விளங்காது தம்பி" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார், பக்கத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் விளங்கியிருந்தது, விரல்தான் கேட்கவில்லை. காலிங் பெல் மாதிரி அழுத்திப் பிடிப்பார். நாம் தட்டுவதற்கும் அழுத்திப் பிடிப்பதற்கும் போன் வேறு வேறு வேலை செய்யும், அதனால் தங்கச்சிக்கு எடுக்கப்போன கோல் போகாமல் ஐகன் இடம் மாறி எங்கோ போய் நிற்கும். இதற்கு அணுகல்தன்மை (Accessibility) செட்டிங்ஸுக்குள் 'தொட்டுப் பிடிக்கும் நேரம்' என்று ஒன்று உண்டு, அதை நீளமாக்குங்கள். சாம்சங் என்றால் ஈஸி மோடைப் போட்டாலே அந்த நேரம் கூடிவிடும், ஐகன்களும் பெரிதாகும், முகப்புத் திரையைப் பூட்டவும் வசதி இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்குவதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். சரி, அதையும் செய்யுங்கள், ஆனால் எங்கள் வீட்டில் போனை மேசைக்குள் போட்டுப் பூட்டாமல் காப்பாற்றியது இந்தச் செட்டிங்தான்.

அடுத்தது தமிழில் எழுதுவது. கீபோர்டில் எழுத்தைத் தேடித் தேடி அம்மா களைத்துப் போனார். கூகிளின் கீபோர்டான ஜிபோர்டில் தமிழ்க் கையெழுத்தைச் சேர்த்துக் கொடுத்தேன், அவ்வளவுதான், கரும்பலகையில் எழுதிய கை அல்லவா, விரலால் வட்ட வட்டமாக எழுத ஆரம்பித்துவிட்டார். ஒரே தொல்லை, எழுத்தை எழுதி, கொஞ்சம் யோசித்து, பிறகுதான் குற்று வைப்பார், அதற்குள் போன் சொல்லை ஏற்றுக்கொண்டுவிடும், 'மருந்து' என்று எழுதினால் 'மருநது' என்று வரும். எழுதும் வேகத்தைக் குறைக்கிற செட்டிங்கைக் கண்டுபிடித்த பிறகு அது ஓரளவு சரியானது. அவசரமென்றால் வொய்ஸ் மெசேஜ். அதில் அம்மா தேதியும் நேரமும் சொல்லித்தான் தொடங்குவார், தங்கச்சி எவ்வளவு சொல்லியும் விடுவதாக இல்லை.

செய்முறைகளை நான் எழுதிக் கொடுக்கவில்லை. அம்மாவே ஒரு கொப்பியில் தன் சொல்லில் எழுதிக்கொண்டார்: 'பச்சைப் பெட்டி, மேலே வலப்பக்கம், கோல்ஸ்'. நன்றாகத்தான் போனது, 2024இல் வட்ஸ்அப் கோல்ஸ் இருந்த அந்த வரிசையை மேலிருந்து கீழே இறக்கும்வரை. நமக்கு அது ஒரு விஷயமே இல்லை, ஆனால் அவருக்கு ஒரு முழுப் பக்கம் பிழையாகிவிட்டது, தான் எதையோ தட்டிக் கெடுத்துவிட்டதாக நினைத்து எனக்குச் சொல்லாமலே இருந்திருக்கிறார். இப்போதெல்லாம் பெரிய அப்டேட் வந்தால் அன்று பின்னேரம் போய், கொப்பியை விரித்து வைத்து இருவருமாகப் பார்க்கிறோம். அழித்து எழுதுவது அவர்தான். போனை நான் கையில் வாங்குவதே இல்லை, வாங்கினால் இரண்டு செக்கனில் முடித்துக் கொடுத்துவிடுவேன், பிறகு என்னத்தைப் படிப்பது?

மோசடி பற்றி ஒரு வார்த்தை. வட்ஸ்அப்பில் இரண்டு-படிச் சரிபார்ப்பு பின் நம்பரைப் போட்டுவிடுங்கள், தெரியாத நம்பர் கோல்களை மௌனமாக்குங்கள், குரூப்பில் சேர்க்கும் உரிமையைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் விடுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்கத்தை யார் கேட்டாலும், நானே கேட்டாலும், சொல்லக்கூடாது என்று கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் இருக்கிறது. ஒருமுறை தங்கச்சியின் படத்தோடு புது நம்பரிலிருந்து காசு கேட்டு மெசேஜ் வந்தது, அம்மா பதில் போடாமல் பழைய நம்பருக்கு கோல் எடுத்தார். டொரன்டோவில் நடுச்சாமம், தங்கச்சி பதறிப்போய் எழும்பியிருக்கிறாள்.

சரிவராதவையும் உண்டு. விரல் ரேகை அம்மாவுக்கு வேலை செய்வதில்லை, தேய்ந்த, காய்ந்த விரல், அதனால் பின் நம்பர்தான். வங்கி ஆப்பை அவர் வேண்டாம் என்றார், நானும் வற்புறுத்தவில்லை, பென்சன் எடுக்கப் போகிற நாளில்தான் அவர் தன் பழைய சிநேகிதிகளைக் காண்கிறார். யூடியூப்பில் தேவாரம் போட்டால் கொஞ்ச நேரத்தில் அது தானாக எங்கெங்கோ போய்விடுகிறது, ஆட்டோபிளேயை நிறுத்தி வைத்திருக்கிறேன். இப்போது பக்கத்து வீட்டு மாமியும் போன் வாங்கப்போகிறாராம். விலையை என்னிடம் கேட்டார், மற்றதையெல்லாம் அம்மாவிடம் கேட்கிறார்.