தஞ்சாவூரில் எட்டு அமர்வுப் பூல் பயிற்சி: நான் கண்ட நிறையும் குறையும்

கடந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், தஞ்சாவூரில் உள்ள ஒரு பூல் அரங்கம் நடத்தும் எட்டு அமர்வுப் பயிற்சியை முழுமையாக முடித்தேன். பூல் என்பது, கியூ எனும் நீண்ட கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, அது மோதும் வண்ணப் பந்துகளை மேசையோரக் குழிகளில் (பாக்கெட்டுகளில்) விழவைக்கும் ஆட்டம். வாரத்துக்கு இரண்டு அமர்வுகள், ஓர் அமர்வுக்கு ஒன்றரை மணி நேரம், மொத்தக் கட்டணம் 3,600 ரூபாய். எனக்குத் திருவையாற்றில் உரக்கடை. மேலுரம் வாங்க வரும் கூட்டத்தைத் தம்பி பார்த்துக்கொண்டதால், காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என ஐந்து ஆறுகளையும் பேருந்தில் கடந்து, மாலை ஆறு மணிக்கெல்லாம் அரங்கில் இருக்க முடிந்தது. டெல்டா மாவட்டங்களில் இப்படிப்பட்ட பயிற்சி கிடைப்பது அரிது என்பதால், பணம் கட்டலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் எதற்காகப் போனேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். கல்லூரி நாட்களில் திருச்சியில் ஸ்னூக்கர் ஆடத் தொடங்கி, பிறகு பூலுக்கு வந்தவன் நான். ஒடுங்கிய கோணத்தில் நிற்கும் பந்துகளை ஓரளவு நம்பிக்கையோடு போட்டுவிடுவேன். ஆனால் ஆட்டத்தின் முடிவில், ஒரு முழ தூரத்தில் பாக்கெட்டுக்கு நேராக நிற்கும், கடைசியாகப் போட வேண்டிய 8-ஆம் பந்தைத் தவறவிடுவேன். ஒரு முறை இரு முறை அல்ல, இருபது ஆண்டுகளாக இதுவே வழக்கம். இதைக் கவனக்குறைவு என்றே நானும் என்னோடு ஆடுபவர்களும் எண்ணிவந்தோம். ‘கவனமாக அடி’ என்பதைத் தவிர வேறு அறிவுரை எனக்குக் கிடைத்ததில்லை. கவனமாக அடிப்பதென்றால் கையும் கண்ணும் என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் சொன்னதுமில்லை. அதைத்தான் இந்தப் பயிற்சி சொல்லிக்கொடுத்தது.

அரங்கில் மூன்று மேசைகள் உள்ளன. முதலாவது 9 அடி மேசை. பந்து உருளும் பரப்பு 100 அங்குல நீளமும் 50 அங்குல அகலமும் கொண்டது. மற்ற இரண்டும் 8 அடி மேசைகள். மூன்றுக்கும் அடியில் கற்பலகைதான் இருக்கிறது, மட்டமும் சரியாக இருக்கிறது. பயிற்சியாளருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. பள்ளிப் பருவத்தில் பத்து ஆண்டுகள் முறையாக மிருதங்கம் பயின்றவர் என்பது மூன்றாம் அமர்வில்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பயிற்சி இவர் கற்றுத்தரும் முறையில் எப்படிக் கலந்திருக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் அமர்வில் ஒரு பந்தைக்கூட நாங்கள் அடிக்கவில்லை. காலிப் பன்னீர் சோடா பாட்டில் ஒன்றை மேசைமேல் படுக்கவைத்து, அதன் வாயை என் பக்கம் திருப்பி, உருண்டுவிடாதபடி இருபுறமும் துணியை மடித்துச் செருகினார். படுத்த நிலையில் பாட்டிலின் கழுத்து, வெள்ளைப் பந்தின் நடுப்பகுதி இருக்கும் உயரத்துக்கு ஏறக்குறைய வந்து நின்றது. கியூவின் நுனி அந்த வாய்க்குள் இரண்டு அங்குலம் போய், கண்ணாடியில் எங்கும் படாமல் திரும்ப வேண்டும். மெதுவாகச் செய்தபோது எளிதாகவே இருந்தது. பந்தை அடிக்கும் வேகத்தில் செய்யச் சொன்னபோது, ஒவ்வொரு முறையும் ‘டிங்’ என்ற ஓசை கேட்டது. ஒவ்வொரு முறையும் இடது பக்கத்திலிருந்தே கேட்டது. பதினைந்து முறை முயன்றேன், ஓசையின் இடம் மாறவேயில்லை.

மேசையின் மறுகோடியில் கைப்பேசியை நிறுத்தி அதை மெதுவேகக் காணொளியாகப் பதிவு செய்து காட்டினார். கியூ பின்னால் போகும்போது என் கை தளர்ந்தே இருந்தது. முன்னே வரத் தொடங்கியதும் சுண்டு விரலும் மோதிர விரலும் கியூவை இறுகப் பற்றின. மணிக்கட்டு வெளிப்புறமாகத் திரும்பியது. கியூவின் பின்பகுதி வலப்பக்கம் ஒதுங்க, கியூவைத் தாங்க மேசைமேல் ஊன்றிய கையை (பிரிட்ஜ்) அச்சாகக்கொண்டு நுனி இடப்பக்கம் போனது. கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கும் இந்தக் கோணலை நானாக ஒருநாளும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அதன் பிறகு பிடியைக் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றுக்கு மாற்றினார். மற்ற இரு விரல்களும் கியூவைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். தோளும் மேற்கையும் அசையாமல் நிற்க, முழங்கைக்குக் கீழுள்ள பகுதி மட்டும் ஊசல்போல் ஆட வேண்டும். நுனி பந்தைத் தொடும் கணத்தில் முன்கை தரையை நோக்கிச் செங்குத்தாகத் தொங்க வேண்டும். இதற்கேற்பக் கியூவில் நான் பிடிக்கும் இடத்தை மூன்று விரற்கடை முன்னுக்கு நகர்த்தினார். பிரிட்ஜ் கைக்கும் பந்துக்கும் இடையிலான தூரத்தைப் பன்னிரண்டு அங்குலத்திலிருந்து ஒன்பதாகக் குறைத்தார். அந்தத் தூரம் கூடினால் சிறு கோணலும் நுனியில் பெரிதாகும். கேட்கும்போதே விளங்கிவிடுகிறது, ஆனால் நான்காம் அமர்வு வரை கை அதை ஏற்கவில்லை.

பாட்டிலில் கண்ட பிழையை மேசையில் உறுதிப்படுத்தும் சோதனை இரண்டாம் அமர்வில் வந்தது. வெள்ளைப் பந்தை மேசையின் நடுக்கோட்டில் வைத்து, எதிர்க் குஷனின் (மேசையின் ரப்பர் விளிம்பு) நடுவில் பட்டுத் திரும்பி நுனிக்கே வரும்படி அடிக்க வேண்டும். பந்தின் நடுவில் பட்டிருந்தால் அது போன வழியே திரும்பும். இடப்பக்கம் பட்டிருந்தால் பக்கச் சுழற்சியோடு போய், குஷனில் பட்டதும் இடப்பக்கம் விலகித் திரும்பும். என் பந்துகள் அனைத்தும் இடப்பக்கமே திரும்பின. அன்று இருபதுக்கு மூன்று பந்துகள் நுனியைத் தொட்டன. எட்டாம் அமர்வில் இருபதுக்குப் பதினொன்று. வீட்டில் மேசை இல்லாதவர்கள் அரங்கில் ஐந்து நிமிடம் கிடைத்தாலும் இந்த ஒரு சோதனையைச் செய்து பார்க்க வேண்டும் என்பேன். பாக்கெட்டில் விழுந்த பந்து சொல்லாத உண்மையை இது சொல்லிவிடும்.

பயிற்சியாளரோடு எனக்கு ஓரிடத்தில் கருத்து வேறுபாடு உண்டு. அடித்த பிறகு கியூவை நீளமாக முன்னே கொண்டுபோவதால்தான் பந்துக்குச் சுழற்சி கூடுகிறது என்று அவர் அடிக்கடி சொல்கிறார். நுனி பந்தோடு தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதற்குள் பந்து புறப்பட்டுவிடுகிறது. அதன் பிறகு கியூ எங்கே போனாலும் பந்துக்குத் தெரியப் போவதில்லை. ஆனாலும் அவருடைய பயிற்சி தவறு என்று சொல்ல மாட்டேன். கியூ நேராகவும் தடையில்லாமலும் முன்னே போய் நின்றிருந்தால், பந்தைத் தொட்ட கணத்திலும் அது நேராகவும் வேகம் குறையாமலும் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. “அண்ணே, பந்து விழுந்துச்சான்னு பாக்காதீங்க, ஸ்டிக் எங்க நின்னுச்சுன்னு பாருங்க” என்று அவர் ஒவ்வோர் அடிக்கும் சொன்னதை இந்தப் பொருளில்தான் நான் எடுத்துக்கொண்டேன். எட்டு அமர்வுகளில் எனக்கு மிகுதியும் பயன்பட்ட வாக்கியமும் அதுதான்.

மனத்தை ஒருமுகப்படுத்தும் பகுதி ஐந்தாம் அமர்வில் தொடங்கியது. தியானம், மூச்சுப்பயிற்சி என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்திருந்தேன். அவர் சொன்னது சொற்கட்டு, அதாவது மிருதங்கத் தாளத்தை வாயால் சொல்லும் ஒலிக்கோவை. கியூவை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கும் இரண்டு ஒத்திகை வீச்சுகளுக்கு ‘தகிட, தகிட’, மூன்றாம் முறை கியூவைப் பின்னிழுத்து நிறுத்தும் இடத்தில் ஒரு கார்வை, அடிக்கு ‘தாம்’. வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, மனத்துக்குள் ஓடினால் போதும். தாளத்தில் கார்வை என்பது வெறும் இடைவெளி அன்று, அடுத்த சொல் எங்கே விழ வேண்டும் என்பதை நிச்சயிக்கும் இடம். கியூ பின்னால் நிற்கும் அந்த ஒரு கணத்தில்தான் கண் வெள்ளைப் பந்திலிருந்து வண்ணப் பந்துக்குப் போய் நிலைக்கிறது. கார்வை இல்லாமல் பின்னிழுத்த வேகத்திலேயே அடிக்கும்போது, கண் பாதி வழியில் இருக்கையில் கை வேலையை முடித்துவிடுகிறது. என் 8-ஆம் பந்துகள் தவறிய கதை இதுதான் என்பதைக் காணொளியில் கண்டபோது எனக்கு உண்மையாகவே மனம் நெகிழ்ந்தது.

இது அவருடைய ஊகம் மட்டுமன்று. அடிப்பதற்குச் சற்று முன் கண் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் அந்தக் கடைசிப் பார்வைக்கு, கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் 1990-களில் ‘அமைதிக் கண்’ என்ற பொருளில் பெயரிட்டார். 2002-இல் மார்க் வில்லியம்ஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் பில்லியர்ட்ஸ் ஆடுவோரின் கண்ணசைவைப் பதிவு செய்து ஆராய்ந்தனர். (ஸ்னூக்கர் உலக வாகையர் வேறு, இவர் அதே பெயர் கொண்ட விளையாட்டு அறிவியலாளர்.) தேர்ந்த ஆட்டக்காரர்களின் கடைசிப் பார்வை மற்றவர்களுடையதைவிட நீண்டிருந்தது, ஒரே ஆட்டக்காரரிடமும், பாக்கெட்டில் விழுந்த அடிகளில் அது நீண்டும், தவறிய அடிகளில் குறுகியும் இருந்தது. பயிற்சியாளர் இந்த ஆய்வை அறிந்தவரல்லர். மிருதங்கம் பயின்ற கை வழியாகவே அவர் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

இரண்டாவது கட்டளை, நின்றபடி யோசிப்பதும் குனிந்தபின் யோசிக்காமலிருப்பதும். எந்தப் பந்து, எந்தப் பாக்கெட், வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்க வேண்டும், எவ்வளவு வேகம் ஆகிய நான்கையும் நின்றுகொண்டே முடிவு செய்துவிட வேண்டும். குனிந்த பிறகு ஐயம் எழுந்தால் அப்படியே அடிக்கக் கூடாது. எழுந்து, நுனிக்குச் சாக் தடவி, மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டும். ஆறாம் அமர்வில் என்னை வேண்டுமென்றே சோதித்தார்: நான் குனிந்த வேளையில் பக்கத்தில் இருந்தவரிடம் நெல் விலை பற்றிப் பேச்சுக் கொடுத்தார். என் காது அங்கே போய்விட்டது, ஆனாலும் அடித்தேன், தவறியது. “காது போனதும் எந்திரிச்சிருக்கணும்ணே” என்றார், கடிந்துகொள்ளாமல். பூல் ஆட்டக்காரர் வில்லி மாஸ்கோனி 1954-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு பந்தும் தவறாமல் தொடர்ந்து 526 பந்துகளைப் போட்ட சாதனையை அன்று எடுத்துச் சொல்லி, 526 முறையும் அவர் புதிதாகவே குனிந்திருப்பார் என்றார்.

தாளம் பழகாதவர்களுக்கு இந்த முறை பொருந்துமா என்ற கேள்வி எனக்கு இருந்தது. என்னோடு பயின்ற கல்லூரி மாணவருக்குச் சொற்கட்டு சற்றும் பிடிபடவில்லை. அவருக்கு ‘ஒன்று, இரண்டு, நில், போ’ என்று மாற்றிக்கொடுத்தார், அதுவும் வேலை செய்தது.

குறி பார்ப்பதற்கும் வெள்ளைப் பந்தின் போக்குக்கும் ஓர் அமர்வு மட்டுமே ஒதுக்கப்பட்டது. சுழற்சியின்றிச் சறுக்கிப்போய் மோதும் வெள்ளைப் பந்து, வண்ணப் பந்து போகும் வழிக்கு 90 பாகையில் விலகும். இயல்பாக உருண்டுபோய் மோதுவது, கால் பங்கு முதல் முக்கால் பங்கு வரை பட்டால், வந்த திசையிலிருந்து ஏறத்தாழ 30 பாகை விலகும். இவ்விரண்டையும் தெளிவாகக் காட்டினார். ஆனால் அடுத்த பந்துக்கு இடம் பிடிப்பதைக் கற்க ஓர் அமர்வு போதவே போதாது. அதை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள்.

அரங்கின் பராமரிப்பைப் பற்றி நல்லதாகச் சொல்ல முடியவில்லை. மூன்றாம் மேசையின் துணி தேய்ந்து, பந்துகளை அடுக்கும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. அடைமழை நாட்களில் சன்னல்களைத் திறந்துவைப்பதால் துணி ஈரம் வாங்கி, பந்து வேகம் குறைந்து, குஷனில் திரும்பும் கோணமும் மாறிவிடுகிறது. அன்றைக்குப் பழகிய வேகம் மறுநாள் வெயிலில் உதவாது. அங்குள்ள பொதுக் கியூக்களில் பாதிக்குமேல் நுனி நசுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட நுனியை வைத்துக்கொண்டு ஸ்ட்ரோக்கைச் சீர்படுத்த முயல்வது வீண். பந்துகளையும் கேட்டால்தான் துடைக்கிறார்கள். அழுக்கேறிய பந்துகள் உரசும்போது ஒன்றையொன்று இழுத்துக் கோணத்தைக் கெடுப்பதால், சரியாக அடித்தவருக்கும் தவறாக அடித்ததுபோலத் தோன்றும். ஒருமுறை எனக்கு ஒதுக்கிய நேரத்தில் மேசையை வேறொரு குழுவுக்குக் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் காக்கவைத்தார்கள். பயிற்சியாளர் மறுநாள் அந்த நேரத்தை ஈடுசெய்தார். நிர்வாகத்திலிருந்து யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

ஸ்னூக்கரிலிருந்து வருபவர்களுக்கு ஒரு குறிப்பு. 1882-இல் உதகை கிளப்பில் விதிகள் வகுக்கப்பட்ட ஆட்டம் என்பதாலோ என்னவோ, நம் பக்கத்தில் மூத்தவர்கள் பலரும் ஸ்னூக்கர் கையோடுதான் பூலுக்கு வருகிறார்கள். அங்கே நுனி 9 அல்லது 10 மில்லிமீட்டர், பந்து 52.5 மில்லிமீட்டர், இங்கே நுனி 12 அல்லது 13, பந்து 57. தாடையைக் கியூவின் மேல் வைத்துக் குனியும் ஸ்னூக்கர் பழக்கத்தை இவர் மாற்றச் சொல்வதில்லை, அது எனக்கு மிகவும் உதவியது. கியூவை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொன்னார். சொந்தமாக 19 அவுன்ஸ் கியூ ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன், மற்றவர்களும் அப்படியே செய்வது நல்லது.

சேர விரும்புபவர்கள் முன்கூட்டியே பேசி முதல் மேசையைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சனி, ஞாயிறு மாலைகளில் சத்தம் அதிகம் என்பதால், செவ்வாயும் வியாழனும் பொருத்தமான நாட்கள். வெள்ளைப் பந்தின் இடம் பிடித்தலை மட்டுமே கற்பிக்கும் இரண்டாம் கட்டப் பயிற்சி தை மாதத்தில் தொடங்குகிறது. அதற்கும் பணம் கட்டிவிட்டேன். அதற்குள் மூன்றாம் மேசையின் துணியை மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.