முழு மேனுவலா, அப்பெர்ச்சர் பிரையாரிட்டியா?

புதிதாகக் கேமரா வாங்கியவர்களிடம் நான் அடித்துச் சொல்வது: மேனுவலைக் கற்றுக்கொள்ளுங்கள்; அதாவது லென்ஸ் துளை, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) மூன்றையும் நாமே அமைக்கும் முறை. எல்லா இடத்திலும் அதையே பிடித்துக்கொண்டு தொங்கவும் வேண்டாம்.

அப்பெர்ச்சர் பிரையாரிட்டியில் லென்ஸ் துளையின் அளவை நாம் சொல்கிறோம். ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்கிறது. மேகம் வந்து வந்து போகும் மதியத்தில், ஓடியாடும் குழந்தையைப் படமெடுக்க இதுவே கைகொடுக்கும். மேனுவலில் டயலைத் திருகி முடிப்பதற்குள் அந்தச் சிரிப்பு போய்விடும்.

தெருக்கூத்துக்குப் போனால் நிலைமை தலைகீழ். சுற்றிலும் கும்மிருட்டு, நடுவில் அரிதாரம் பூசிய ஒரு முகம். எதிரே இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணித்தான் கேமராவின் ஒளிமானி கணக்குப் போடுகிறது. அதனால் இருட்டையும் வெளிச்சமாக்கப் பார்க்கும். முகம் வெளுத்துப்போய், கிரீடத்தின் கண்ணாடிச் சில்லுகள் வெறும் வெள்ளைத் திட்டுகளாகிவிடும். கேமரா போட்ட கணக்கிலிருந்து வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 2க்கு இறக்கி ஓரளவு சமாளிக்கலாம். வெள்ளை உடுத்திய ஒருவர் குறுக்கே வந்தால் அந்தக் கணக்கும் குலைந்துவிடும். மேனுவலில் 1/250 நொடி, எஃப் 2.8 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்கி, ஒரு படம் எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். விளக்கு மாறாதவரை பிறகு தொடவே வேண்டாம்.

ஷட்டரை 1/125க்கு இறக்கினால் வெளிச்சம் இருமடங்காகும். ஐஎஸ்ஓவை 800க்குக் குறைத்தால் அது ஈடாகிவிடும். இந்தக் கணக்கு விரலுக்குப் பழகும்வரை, ஒரு மாதமாவது மேனுவலிலேயே எடுங்கள். அதன்பின் பகல் வேளைக்கு அப்பெர்ச்சர் பிரையாரிட்டி போதும்.