வீல் நட்டுக்கு எந்த இம்பேக்ட் மெஷின்? முதலில் பேட்டரியைப் பாருங்க

களக்காட்டில் வாழைத்தார் ஏற்ற ஒரு பிக்கப், வீட்டுக்கு ஒரு ஸ்விஃப்ட். டயர்களை இடம் மாற்றிப் போடுவது, பிரேக் பேட் பார்ப்பது எல்லாமே வீட்டு முற்றத்தில்தான். இதற்காக பேட்டரி இம்பேக்ட் ரெஞ்ச், அதாவது சுத்தியல் மாதிரி அடித்து அடித்து நட்டைத் திருப்பும் மெஷின் தேடியபோது மூன்று வகை கண்ணில் பட்டன. ஆன்லைனில் மூவாயிரம், நாலாயிரத்துக்குக் கிடைக்கும் பெயர் தெரியாத மெஷின். இங்கோ, டோட்டல் மாதிரி நடுத்தர விலை 20 வோல்ட். அப்புறம் மகிட்டா, பாஷ். நான் மகிட்டா டிடிடபிள்யூ300 எடுத்தேன். ஆகவே என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

சிகரெட் லைட்டரில் சொருகும் 12 வோல்ட் வகையைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒயரை இழுத்துக்கொண்டு நாலு சக்கரத்தையும் சுற்றி வருவதற்குள் எல் ஸ்பானரிலேயே வேலை முடிந்துவிடும். கம்ப்ரஸர் வைத்து ஓட்டும் ஏர் கன் டயர் கடைக்கு ராஜா, வீட்டுக்கு வீண் செலவு.

பலத்தைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். மாருதியின் சின்ன கார்கள் பலவற்றில் வீல் நட்டை முறுக்கவேண்டிய அளவு 85 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அலகு), இன்னோவாவில் 103. துருப்பிடித்த நட்டைக் கழற்றத்தான் இதைவிடப் பல மடங்கு கேட்கும். உவரி, இடிந்தகரைப் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் இது சகஜம். டிடிடபிள்யூ300 முறுக்குவதற்கு 330, இறுகிய நட்டைக் கழற்றுவதற்கு 580 என்கிறார்கள். பாஷ் ஜிடிஎஸ் 18வி-400 அதே வரிசையில் 400, 600. இந்த இரண்டில் எது வாங்கினாலும் காருக்கும் பிக்கப்புக்கும் தாராளம். மலிவு மெஷின் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது எண்ணை, அதையும் கொஞ்சம் ஊதி.

உண்மையில் ஒரு மெஷினை இன்னொன்றிலிருந்து பிரிப்பது பேட்டரி. வள்ளியூரில் எனக்குப் பழக்கமான டயர் கடைத் தம்பி கேட்டது ஒரே கேள்விதான்: "மெஷின் கெடக்கட்டும் அண்ணாச்சி, ரெண்டு வருஷத்துல பேட்டரி செத்தா என்ன செய்வீய?"

மலிவு மெஷின் பெட்டியில் 88விஎஃப், 128விஎஃப் என்றெல்லாம் அச்சடித்திருப்பார்கள். அதோடு வரும் சார்ஜரைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். அவுட்புட் 21 வோல்ட் என்று இருக்கும். லித்தியம் செல் ஒன்று சராசரியாக 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. அஞ்சு செல்லை வரிசையாக இணைத்தால் 18, முழுசாக ஏறினால் 21. மகிட்டாவின் 18, இங்கோவின் 20, இவர்களின் 21 எல்லாம் அதே அஞ்சு செல் வரிசைதான். 128 வோல்ட் எங்கிருந்து வரும்?

ஆம்பியர் கணக்கிலும் அதே கூத்து. இந்த அளவு பேக்கில் பொதுவாக 18650 என்ற விரல் நீள உருளைச் செல் பத்து இருக்கும். நல்ல கம்பெனி செல்லே ஒன்று மூன்று, மூன்றரை ஆம்பியர் ஹவருக்கு (பேட்டரி சேமிக்கும் கொள்ளளவு) மேல் தராது. இரண்டு வரிசை வைத்தாலும் ஏழுதான். அதே அளவு டப்பாவில் இருபதாயிரம் எம்ஏஎச், அதாவது இருபது ஆம்பியர் ஹவர் என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு நகரலாம். சந்தேகம் இருந்தால் மளிகைக்கடைத் தராசில் வையுங்கள். பத்து செல் மட்டுமே 450 கிராமுக்குக் குறையாது. டப்பாவோடு சேர்த்தே 400 கிராம்தான் என்றால் உள்ளே அஞ்சு செல்தான். இம்பேக்ட் அடிக்கும்போது கரண்டை மொத்தமாக உறிஞ்சும். அஞ்சு செல் அந்தப் பாரத்தில் சோர்ந்து, இறுகிய நட்டில் மெஷின் டக் டக் என்று அடித்துக்கொண்டு நிற்கும், நட்டு அசையாது.

மலிவு பேட்டரிக்கும் ஒரு நல்ல குணம் உண்டு, மறைக்கக் கூடாது. பல மெஷின்களுக்குப் பொருந்தும், செத்தால் இ-பைக் பேட்டரி பார்ப்பவரிடம் கொடுத்துச் செல் மாற்றலாம். பத்துச் செல்லும் ஒரே தரத்தில் போட்டால்தான் நிற்கும், அதைப் பார்த்துப் போடுபவர் கிடைக்கவேண்டும்.

நான் மகிட்டா எடுத்ததற்குக் காரணமும் பேட்டரிதான். தோட்டத்தில் புல் வெட்டும் மெஷின் ஏற்கெனவே அதே 18 வோல்ட். பேட்டரி, சார்ஜர் இல்லாமல் வெறும் மெஷின் மட்டும் வாங்கினேன், விலை வித்தியாசம் பாதியாக இறங்கியது. 2005இல் வந்த எல்எக்ஸ்டி என்ற இந்த 18 வோல்ட் வரிசைக்கு இன்றும் பேட்டரி கிடைக்கிறது. உங்கள் வீட்டில் நீல பாஷ் 18 வோல்ட் பேட்டரி டிரில் கிடந்தால் இதே நியாயத்தில் பாஷ் வாங்குங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். என் மகிட்டாவில் எனக்குப் பிடித்தது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கழற்றும்போது நட்டு இளகியதும் தானே நிற்கும் ஒரு மோட் இருக்கிறது. நட்டு தெறித்துச் சாக்கடையில் விழாது.

இங்கோ, டோட்டல் பற்றிப் பக்கத்து வீட்டு மெஷினை இரவல் வாங்கி ஓட்டிய அளவில்தான் சொல்ல முடியும். கார் நட்டு சுலபமாகக் கழன்றது. எதுவும் கையில் இல்லாமல் புதிதாக ஆரம்பிப்பவருக்கு இது நியாயமான வழியாகவே படுகிறது. ஆனால் இவற்றில் நாலைந்து வருஷம் ஓடிய பேட்டரியை நான் பார்த்ததில்லை, அதனால் உழைப்பைப் பற்றிச் சொல்ல முடியாது.

எது வாங்கினாலும் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். 50 டிகிரியைத் தொடும் இடத்தில் பேட்டரியை வைக்கக்கூடாது என்று மகிட்டா கையேட்டிலேயே இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டையில் வெயிலில் நிறுத்திய கார் அதைச் சுலபமாகத் தாண்டும். முழு சார்ஜில் சூட்டில் கிடந்தால் செல் இன்னும் வேகமாகக் கிழடாகும். பாதி சார்ஜில் வீட்டுக்குள் வைத்தால் போதும். நான்குவழிச் சாலையில் நாங்குநேரி தாண்டிப் பஞ்சர் ஆனால் அந்த எல் ஸ்பானர்தான் துணை.

மாட்டும்போது நட்டைக் கையாலேயே நாலு சுற்று ஏற்றி, மெஷினைக் குறைந்த வேகத்தில் வைத்துத் தொட்டும் தொடாமலும் விட்டு, கடைசி முறுக்கை டார்க் ரெஞ்சில் (சரியான அளவு வந்ததும் கிளிக் என்று சொல்லும் ஸ்பானர்) எதிரெதிராக முடிப்பேன். மெஷினிலேயே முழுசாக முறுக்கினால் நட்டு ஏறும் போல்ட்டான ஸ்டட் இழுபட்டுப்போகும், அடுத்த தடவை எல் ஸ்பானரில் ஏறி நின்றாலும் கழலாது. பளபள குரோம் சாக்கெட் அடி தாங்காமல் விரிசல் விடும், கறுப்பு இம்பேக்ட் சாக்கெட்டாக வாங்குங்கள். அலாய் வீல் என்றால் சுவர் மெலிந்த வகை. மெஷினில் மிச்சம் பிடித்த காசு டார்க் ரெஞ்ச், சாக்கெட் இரண்டுக்கும் சரியாக இருக்கும்.