திருப்பூர்ல ஹோம் லோன்: ஹவுசிங் பைனான்ஸ்ல இருந்து பேங்குக்கு மாத்துன கதை, ரிவ்யூ மாதிரி

முதல்லயே சொல்லிடறேனுங்க, ரெண்டு பேரோட பேரையும் போடப்போறதில்ல. ஒண்ணு நாங்க 2021ல லோன் வாங்குன ஹவுசிங் பைனான்ஸ் கம்பெனி, இன்னொண்ணு 2025 கடைசில மாத்திக்கிட்ட கவர்மெண்ட் பேங்க். பேர் போட்டா கவுண்ட்டர்ல உக்காந்திருக்கற பசங்களுக்குத்தான் சங்கடம், ரேட்டு முடிவு பண்றவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. பைனான்ஸ் கம்பெனிக்கு அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார், பேங்குக்கு நாலு. அந்த ரெண்டு ஸ்டாரும் எதுக்குன்னா அன்னைக்கு எங்களை நம்பி லோன் குடுத்தாங்கல்ல, அதுக்கு.

ஏன் அன்னைக்கே பேங்குக்குப் போகலைன்னு கேப்பீங்க. எங்கூட்டுக்காரர் காம்பாக்டிங் யூனிட்ல, அதாவது பனியன் துணியை சுருங்காம பதப்படுத்தற எடத்துல, சூப்பர்வைசர், சம்பளத்துல பாதி அக்கவுண்ட்ல வரும் பாதி கையில வரும், திருப்பூர்ல இது எத்தனையோ பேரோட கதை. நான் எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர், எனக்கு ஸ்லிப் உண்டு ஆனா அது ஒண்ணை மட்டும் வெச்சு 30 லட்சம் தரமாட்டேன்னுட்டாங்க. பைனான்ஸ் கம்பெனிக்காரர் யூனிட்டுக்கே வந்து முதலாளிகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு, கைக்காசையும் வருமானமா எடுத்துக்கிட்டு, வெசையா சாங்ஷன் பண்ணிட்டாரு. பெருமாநல்லூர் பக்கம் மூணு சென்ட் டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் சைட்டு, கட்டி முடிச்ச வீடு. 30 லட்சம், 20 வருஷம், 7 சதவீதம், ஈஎம்ஐ 23,259. அப்ப ரெப்போ, அதாவது ரிசர்வ் பேங்க் மத்த பேங்குகளுக்குக் கடன் குடுக்கற வட்டி, 4 சதவீதத்துல கெடந்துச்சு, கொரோனாவுக்காகக் கீழ எறக்கினது. அந்த ஒரு ரெண்டு வருஷம் நம்ம பக்கம் சைட்டு வாங்காத ஆளே இல்லைங்கற மாதிரி இருந்துச்சு.

2022 மே மாசம் ஆரம்பிச்சதுங்க கெரகம். 4ல இருந்த ரெப்போ 2023 பிப்ரவரிக்குள்ள 6.50. ஒட்டுக்கா ரெண்டரை சதவீதம். எங்க லோன் 9.50க்குப் போச்சு. இதுல கம்பெனியைத் தப்பு சொல்ல முடியாது, பேங்குலயும் ஏத்தத்தான் செஞ்சாங்க. ஆனா ஈஎம்ஐ மட்டும் அப்படியே போயிட்டிருந்துச்சு, நாங்களும் பரவால்லைன்னு இருந்தோம். அப்பறம் வருஷ ஸ்டேட்மெண்ட் வந்துச்சு. ஒரு பக்கம் வட்டி, ஒரு பக்கம் அசல்னு ரெண்டு காலம். கட்டுன 23,259ல வட்டிக் காலத்துல 22 ஆயிரத்து எழுநூத்திச் சொச்சம், அசல் காலத்துல ஐநூத்திச் சொச்சம். ஐநூறு ரூபாயிங்க! அவ்வளவுதான் மாசத்துக்கு நம்ம வீடு நம்முளுது ஆகுது. அந்த வேகத்துல போனா லோன் முடிய இன்னும் 40 வருஷம் ஆகும்னு கணக்கு வருது, அது ரூல்லயே எடமில்லைங்கறதால 30 வருஷம்னு நீட்டி, ஈஎம்ஐயை 24,449ன்னு கொஞ்சம் ஏத்தி ஒரு மெசேஜ் அனுப்பிட்டாங்க. 2041ல முடிய வேண்டிய லோன் 2051. அப்ப எனக்கு அறுபதைத் தாண்டிரும்.

இப்படிக் கேக்காம கொள்ளாம நீட்டறது நெம்ப பேருக்கு நடந்துருக்கும்போல, 2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்கே சர்க்குலர் போட்டுச்சு, வட்டி மாறும்போது ஈஎம்ஐயை ஏத்திக்கறதா, வருஷத்தை நீட்டிக்கறதா, ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சமான்னு கஸ்டமரைக் கேக்கணும்னு. எங்களுக்கு அதுக்கு முந்தியே நீட்டியாச்சு.

சரி, ஏறுனது ஏறுச்சு, எறங்கும்போது எறங்கட்டும்னு காத்துக்கெடந்தோம். 2025 பிப்ரவரில 6.25, ஏப்ரல்ல 6, ஜூன்ல ஒரே அடியா 5.50. ஒரு சதவீதம் எறங்கியாச்சு, டிவில எல்லாம் ஹோம் லோன் வாங்குனவங்களுக்குக் கொண்டாட்டம்னு சொல்றாங்க. எங்களுக்கு எறங்குனது ஒண்ணுமில்ல. போன் பண்ணிக் கேட்டா, "எங்களுக்குன்னு ஒரு பிஎல்ஆர், அதாவது நாங்களே வெக்கற அடிப்படை ரேட்டு இருக்குங்க மேடம், அது ரெப்போவைப் பாத்து மாறாதுங்க"ன்னு பதில். ஏறும்போது மட்டும் எதைப் பாத்து மாறுச்சுன்னு கேட்டேன், அதுக்கு சித்தே லைன்ல இருங்கன்னு சொல்லிட்டு பாட்டுப் போட்டுட்டாங்க.

இதுதான் விஷயமுங்க, இந்த ரிவ்யூல நான் சொல்ல வந்ததும் இதைத்தான். லோன் வாங்கற அன்னைக்கு போர்டுல போட்டிருக்கற ரேட்டை மட்டும் பாக்காதீங்க, அந்த ரேட்டு எதோட கட்டிப்போட்டிருக்குன்னு பாருங்க. 2019 அக்டோபர் 1ல இருந்து பேங்குக குடுக்கற புது ப்ளோட்டிங் (வட்டி ஏறி எறங்கற) ஹோம் லோன் எல்லாமே ரெப்போ மாதிரி வெளில இருக்கற ஒரு ரேட்டோட கட்டியிருக்கணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது ரீசெட் ஆகணும், அதாவது அதைப் பாத்து நம்ம வட்டியையும் மாத்தணும். ஏறுனா ஏறும், எறங்குனா தானா எறங்கும், யாரையும் கெஞ்ச வேண்டாம். ஆனா இது பேங்குகளுக்குத்தான், ஹவுசிங் பைனான்ஸ் கம்பெனிகளுக்கு இந்தக் கட்டாயம் இல்ல, அவங்க ரேட்டு அவங்க டைரக்டர்க முடிவு பண்றதுதான். பேங்குலயும் 2019க்கு முந்தி வாங்குன லோன், பேங்கு தன் செலவை வெச்சு தானே கணக்குப் போடற எம்சிஎல்ஆர்லயோ அதுக்கும் முந்தின பேஸ் ரேட்டுலயோ இன்னும் கெடந்தா அதுவும் மெதுவாத்தான் எறங்கும், மாத்திக் குடுங்கன்னு எழுதிக் குடுக்கணும். எங்க பெரியப்பா பையன் அப்படித்தான் ஒரு லெட்டரும் ஒரு சின்ன பீஸும் கட்டி மாத்திக்கிட்டான், பெருசா அலைச்சல் இல்ல.

நாங்க பேங்குக்கு மாத்தறோம்னு போர்குளோஷர் லெட்டர் (லோனை முடிக்க எவ்வளவு கட்டணும்னு சொல்ற லெட்டர்) கேட்டதும்தான் கம்பெனில எங்களை மதிச்சாங்க. அதுவரைக்கும் போன் எடுக்காத மேனேஜர் ஊட்டுக்கே வந்துட்டாரு. "ஏனுங்கக்கா, பேங்குல உங்களை அலைய விட்டுருவாங்க, ஒரு கன்வர்ஷன் பீஸ் மட்டும் கட்டுங்க, நாங்களே குறைச்சுத் தர்றோமுங்க"ன்னாரு. எவ்வளவு குறைப்பீங்கன்னா, 9.10. அப்ப வெளில புது ஆளுக்கு பேங்குல 7.50க்கு குடுத்துட்டிருந்தாங்க. எங்கூட்டுக்காரர் ஒண்ணுமே பேசலை, காபி குடிங்கன்னு மட்டும் சொன்னாரு. இன்னொண்ணு, தனிநபர் ப்ளோட்டிங் ஹோம் லோனை முன்னாடியே முடிச்சா அபராதம் எதுவும் வாங்கக்கூடாது, பேங்கானாலும் சரி பைனான்ஸானாலும் சரி. இது தெரிஞ்சிருந்ததால மேனேஜர் "க்ளோஸிங் சார்ஜ்"னு ஆரம்பிச்சதும் அதோட நிறுத்தியாச்சு.

இப்ப பேங்குப் பக்கம். என் சம்பளம் ஏறியிருந்துச்சு, அவருக்கும் ரெண்டு வருஷமா ஐடி ரிட்டர்ன் போட்டு வெச்சிருந்தோம், சிபில் ஸ்கோர் நல்லா இருந்துச்சு, அதனால 7.50 கெடச்சுது. ஸ்கோர் கம்மியா இருந்தா இதே பேங்குல முக்கால் சதவீதம் எச்சா சொல்றாங்க. பாக்கி 28 லட்சத்துப் பத்தாயிரம், 16 வருஷம், ஈஎம்ஐ 25,173. முன்ன கட்டுனதை விட மாசம் 724 ரூபாதான் எச்சா, ஆனா 2051ல முடிய வேண்டியது 2041ல முடியுது. மொத்தமாக் கட்ட வேண்டியதுல 26 லட்சம் பக்கம் மிச்சம். நானே எக்ஸெல்ல போட்டுப் பாத்துட்டு தப்பாப் போட்டுட்டமோன்னு ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் அண்ணன்கிட்டக் காட்டுனேன், அவரு சரிதான்னு சொல்லிட்டு அன்னைக்கே அவரோட லோன் ஸ்டேட்மெண்ட்டை எடுத்துட்டு வந்துட்டாரு.

செலவும் உண்டுங்க, சும்மா மாத்திர முடியாது. பழைய எம்ஓடியை (பத்திரத்தை அடமானமா வெச்சதுக்குப் பதியற ஆவணம்) ரத்து பண்ணி ரசீது பதியணும், புது எம்ஓடி போடணும், அதுக்கு லோன் தொகையில அரை சதவீதம் ஸ்டாம்ப், எங்களுக்கு 14,050, பதிவுக் கட்டணம் தனி. லீகல் ஒப்பீனியன், வேல்யூவேஷன் பீஸ் தனி. ப்ராசஸிங் பீஸ் ஆபர்ல இல்லாமப் போச்சு. லோன்ல நெறைய வருஷம் பாக்கி இருந்தா இதெல்லாம் ஒரு பணமே இல்ல, முடியற கட்டத்துல இருக்கறவங்க கணக்குப் போட்டுட்டு மாத்துங்க.

ஒரு ஸ்டார் எங்க குறைஞ்சுதுன்னா, மொதல்ல இன்சூரன்ஸ். சாங்ஷன் லெட்டரோட ஒரு பாலிசி பாரத்தையும் சேத்து வெச்சு, இதுலயும் கையெழுத்துப் போடுங்க கட்டாயமுங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. பிரீமியத்தை ஒரே தவணையா லோன்லயே சேத்துருவாங்களாம், அதாவது அந்தப் பிரீமியத்துக்கும் 16 வருஷம் வட்டி. லோனுக்கு அவங்க பாலிசிதான் எடுக்கணும்னு ரூல் எங்க இருக்கு, எழுதிக் குடுங்கன்னு கேட்டதும் பாரத்தை உருவி உள்ள வெச்சுக்கிச்சு. அப்பறம் வக்கீல். தாய்ப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், வில்லங்கம், பட்டா எல்லாம் குடுத்தும், சைட்டுக்கு முந்தின ஓனரோட அப்பாருக்கு வாரிசுச் சான்று வேணும்னு நின்னுட்டாரு. ஏற்கனவே ஒரு கம்பெனி பாத்து லோன் குடுத்த பத்திரம்தானுங்களேன்னா, அது அவங்க வக்கீலுங்க, இது நானுங்கன்னாரு. அந்தப் பதிலு எனக்குப் புடிச்சுத்தான் இருந்துச்சு, ஆனா சான்று வாங்க அவிநாசிக்கு அலைஞ்சது நாங்கதானே.

வேல்யூவேஷன் இஞ்சினியர் நல்ல மனுஷன். லேசர்ல அளந்துட்டு, வீட்டு முன்னாடி எங்களை நிக்க வெச்சு போட்டோ எடுத்துட்டு, "கிரயப் பத்திரத்துல போட்ட விலை கம்மியா இருக்குதுங்களேக்கா"ன்னாரு. நம்மூர்ல வழக்கம் தெரியுமல்லங்க, கைடுலைன் வேல்யூவுக்கு, அதாவது கவர்மெண்ட் வெச்சிருக்கற வழிகாட்டி விலைக்குப் பதிஞ்சுட்டு மிச்சத்தைக் கையில குடுக்கறது. புதுசா வாங்கறவங்களுக்கு இது லோன்லதான் இடிக்கும், பேங்கு பத்திர விலையைத்தான் பாக்கும், அதுலயும் லோன் 30 லட்சம் வரைக்கும்னா விலையில 90 சதவீதம், அதுக்கு மேல 75 லட்சம் வரைக்கும் 80தான் குடுக்கலாம். 7 சதவீத ஸ்டாம்ப், 2 சதவீத பதிவுக் கட்டணம் லோன்ல சேராது, கையில இருந்து எடுத்து வெக்கணும்.

சரி, வட்டி கொறஞ்சா வாங்கறவனுக்கு லாபமான்னு என் தம்பி கேட்டான், அவன் கோயம்புத்தூர்ல ஐடி, சரவணம்பட்டி பக்கம் பிளாட் தேடிட்டிருக்கான். 30 லட்சம் 20 வருஷத்துக்கு எட்டரைல 26,035 ஈஎம்ஐ, ஏழரைல 24,168. அந்தப் பழைய 26,035ஐயே கட்டுவேன்னா ஏழரைல 32 லட்சத்து 30 ஆயிரம் லோன் கெடைக்கும். ஆக, விக்கறவரு விலையில ரெண்டே கால் லட்சம் ஏத்திட்டா வட்டி கொறஞ்சது மொத்தமும் அவரு பாக்கெட்டுக்குப் போயிரும். தம்பி பாத்த ரெண்டு பில்டர்ல ஒருத்தரு "ரேட்டு எறங்கிருச்சுங்க, இனி டிமாண்ட் ஏறும், இந்த மாசமே புக் பண்ணிருங்க"ன்னே சொல்றாராம். அதனால வட்டி எறங்குனதும் ஓடிப்போய் அட்வான்ஸ் குடுக்கறதை விட, வட்டி ஏறி ஆள் இல்லாதப்ப பேரம் பேசி விலையைக் குறைச்சு வாங்கிட்டு, ரெப்போவோட கட்டுன லோனா எடுத்தா, பின்னாடி எறங்கும்போது நமக்குத் தானா எறங்கும். நாம குடுத்த விலை பின்னாடி எறங்காதுல்ல.

திருப்பூர்ல கதையே வேற. இங்க வட்டி கொறஞ்சதால மட்டும் யாரும் வீடு வாங்கறதில்ல, ஆர்டர் இருந்தாத்தான் வாங்குவாங்க. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் 50 சதவீத வரி போட்டப்ப ரெப்போ 5.50ல எறங்கி நின்னுச்சு, ஆனா ஓவர்டைம் நின்னவனுக்கு எந்த ரேட்டும் ஆவறதில்லைங்க. அப்ப எங்க வீதில அட்வான்ஸ் குடுத்த ரெண்டு பேரு திருப்பிக் கேட்டுட்டு நின்னாங்க.

சனிக்கெழமை சம்பளம் வாங்கற டெய்லரும், பவர் டேபிள்ங்கற தையல் மெஷின் ஓட்டறவரும் 7.50 கனவுல கூட பாக்க முடியாது, அதையும் சொல்லணும். எங்க லைன் டெய்லர் ஒருத்தருக்கு 12 சதவீதம்னாங்க. 20 லட்சத்துக்கு 20 வருஷம்னா 22,022. அதே லோன் 8 சதவீதம்னா 16,729. மாசம் 5,293 எச்சா, ரசீது இல்லாத வருமானம்ங்கற ஒரே காரணத்துக்கு. அவருகிட்ட ரெண்டு வருஷம் ரிட்டர்ன் போடுங்க, சம்பளத்தை ஜிபேலயாவது வாங்குங்க, அப்பறம் வீடு பாக்கலாம்னு சொன்னேன். பிரதமர் வீட்டுத் திட்டம் 2.0லயும் வட்டி மானியம் இருக்கு, வருஷ வருமானம் 9 லட்சத்துக்குள்ள, சொந்த வீடு இல்லாதவங்க, 35 லட்சத்துக்குள்ள வீடு, 25 லட்சத்துக்குள்ள லோன்னா, முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீதம், மொத்தம் 1.80 லட்சம் வரைக்கும் அஞ்சு தவணையா லோன்ல வரவு வெப்பாங்க. லோன் போடும்போதே கேளுங்க, அவங்களாச் சொல்றதில்ல.

2025 டிசம்பர்ல ரெப்போ 5.25 ஆச்சு, அடுத்த ரீசெட்ல பேங்குல இருந்து 7.25ன்னு மெசேஜ் வந்துருச்சு, நாங்க போன் பண்ணவே இல்ல. ஈஎம்ஐயை அப்படியே விட்டு மாசத்தைக் குறைச்சுக்கங்கன்னு சொல்லிட்டோம். பிராஞ்சுக்குப் போறவங்க ரெண்டாவது நாலாவது சனி லீவுங்கறதைப் பாத்துட்டுப் போங்க, ஹோம் லோன் டெஸ்க் மாடில இருக்கு, காலைல போனாத்தான் அந்த மேனேஜர் சீட்டுல இருப்பாரு, மத்தியானத்துக்கு மேல சைட் விசிட்டுனு கெளம்பிருவாரு.