மண்டபமா, வளவா?

கவிஞர் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ கவிதைத் தொகுப்பு 2002இல் வந்தபோது சண்டை தலைப்பிலேயே மூண்டது. காரைக்குடியில் அதற்கு வாசிப்புக் கூட்டம் வைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

வாடகை மண்டபத்தில் நூறு பேர் உட்காரலாம். ஆனால் சுவரொட்டியில் தலைப்பு மட்டும்தான் கண்ணில் படும். கவிதையைக் கேட்காமலே மல்லுக்கு வருவார்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி வேறு. கேள்வி நேரத்தில் மைக் ஆண்கள் கையிலேயே சுற்றும்.

முதல் கூட்டத்துக்கு வீட்டு வளவே, அதாவது செட்டிநாட்டு வீட்டின் தூண்கள் சூழ்ந்த உள்முற்றப் பகுதியே மேல். முப்பது பேர்தான், மைக் வேண்டாம். வாசிக்கும் கவிதையை முழுதாக நகலெடுத்துக் கையில் கொடுத்து, இரண்டு முறை வாசித்த பிறகே பேச்சைத் தொடங்குங்கள். மண்டபப் படி ஏறத் தயங்கும் ஆச்சிமார் வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டிலிருந்து வந்து தூணோரம் உட்காருவார்கள். மழை வந்தால் முற்றம் நனையும், சுற்றியுள்ள தாழ்வாரமான பத்திக்கு ஒதுங்க வேண்டியதுதான். பங்காளிகளின் பொது வீடென்றால் எல்லாரிடமும் முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள். ஒருவர் முறைத்தாலும் அன்றைக்குச் சாவி வராது.