லப்டொப் புரொசசர்: கடைசி எழுத்தைப் பாருங்கள்

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாப் பக்கம் லப்டொப் பார்க்கப் போனால் ‘ஐ7’ என்று புரொசசர் (லப்டொப்பின் மூளையான சிப்) பேரைக் கேட்டுவிட்டு மயங்காதீர்கள், மொடல் எண்ணின் கடைசி எழுத்துத்தான் விசயம். இன்டெல் ஐ7 1355யு-க்கு அடிப்படை மின்செலவு 15 வாட், ஐ7 13700எச்-க்கு 45 வாட். வீடியோ எடிட்டிங்கில் எச் பறக்கும், ஆனால் பிளக்கைக் கழற்றினால் பற்றரி மளமளவென்று இறங்கும், விசிறிச் சத்தம் வேறு. கரண்ட் போனாலும் வேலை ஓட வேண்டுமா, எச் பக்கமே போகாதீர்கள். ஏஎம்டி ரைசன் 7 7840யு 8 கோரோடு (சிப்புக்குள் வேலை செய்யும் அலகுகள்) 15 முதல் 30 வாட்டுக்குள் நல்ல வேகம் தருகிறது, என் ஓட்டு அதற்குத்தான். அப்பிளின் எம்2 சிப் உள்ள மக்புக் எயாரில் விசிறியே கிடையாது, எழுத்து வேலைக்கு அருமை; நீண்ட ரெண்டர் (எடிட் செய்த வீடியோவை முழுக் கோப்பாக்குவது) போட்டால் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம், ஒரே சிப்பே மெல்லிய மொடலில் மந்தமாகலாம், கடையிலேயே கொஞ்சநேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.