மினரல் குளிசைப் போத்தலா வீட்டுச் சாப்பாடா: வார்ஃபரின் போடுற எனக்கு எது சரிவந்தது

எனக்கு ஏஎஃப், அதாவது இதயம் ஒழுங்கில்லாமத் துடிக்கிற வருத்தம், எண்டு கண்டுபிடிச்சு ரெண்டரை வருஷம். கோணேசர் கோயில் ஏத்தத்தில நெஞ்சு படபடவெண்டு அடிச்சு மூச்சு முட்டி, நாடியைப் பிடிச்சுப் பாத்தா ஒரு ஒழுங்கில்லை, அப்பிடித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனது. இதயத்தின்ர மேலறை ஒழுங்காச் சுருங்காம துடிச்சுக்கொண்டு நிக்கிறதால ரத்தம் அங்க தேங்கிக் கட்டிபடும், அந்தக் கட்டி மூளைக்குப் போனா பாரிசவாதம், அதுக்குத்தான் ரத்தத்தை இளக்கிற வார்ஃபரின் குளிசை. இது இந்த வருத்தக்காரர் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

லண்டனில இருக்கிற அக்கா போன வருஷம் பார்சலோட ஒரு பெரிய மினரல் குளிசைப் போத்தல் அனுப்பினவா. "மக்னீசியமும் பொட்டாசியமும் குறைஞ்சா நெஞ்சு இப்பிடித்தான்டா துடிக்கும், நாளுக்கு ஒண்டு போடு" எண்டு. அக்கா சொன்னது பிழையே இல்லை, இந்த ரெண்டும் ரத்தத்தில குறைஞ்சா இதயத் துடிப்பு குழம்பும், நீர் போற குளிசையில சிலது போடுறாக்களுக்கு ரெண்டும் சேந்தே குறையலாம், டிஜொக்சின் எண்ட இதய மருந்து போடுறாக்களுக்கு அது இன்னும் ஆபத்து. ஆனா குறைவா இருக்கோ எண்டு பாக்காமலே போடுறது வேற விஷயம். எனக்கு அப்ப ஒருத்தரும் பாக்கேல்லை, நானும் கேக்கேல்லை.

நாலு மாசம் அந்தப் போத்தல், பிறகு ஒரு வருஷத்துக்கு மேல சாப்பாடு மட்டும். நான் சாப்பாட்டுப் பக்கம்தான் எண்டு முதலே சொல்லிப்போடுறன். விலை, விழுங்கிற வசதி எல்லாம் பாத்தா குளிசைதான் லேசு. என்னை மாத்தினது ஐஎன்ஆர், ரத்தம் கட்டிபட எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு காட்டுற கணக்கு: குறைஞ்சா கட்டிபடும், கூடினா ரத்தம் போகும்.

எனக்கு ஐஎன்ஆர் 2க்கும் 3க்கும் இடையில நிக்கோணும். போத்தலுக்கு முதல் பல மாசமா 2.3, 2.5 எண்டு அசையாம நிண்டது. போத்தல் தொடங்கி அடுத்த கிளினிக்கில 1.6. டொக்டர் கேட்டவர், "புதுசா ஏதும் எடுக்கிறீங்களா ஐயா?" எண்டு, நான் இல்லை எண்டு சொன்னன், ஏனெண்டா என்ர மனசில மினரல் ஒரு மருந்தே இல்லை, சத்து. அவர் வார்ஃபரினைக் கூட்டினார். பிறகு போத்தல் முடிஞ்சுது, கூட்டின வார்ஃபரின் அப்பிடியே போகுது, ஒருநாள் விடிய பல்லு விளக்கேக்க முரசில ரத்தம் நிக்குதில்லை, போய்ப் பாத்தா 3.9. அந்தக் கிழமை காய்ச்சலுக்கு அன்டிபயோட்டிக்கும் போட்டனான், அதுவும் ஐஎன்ஆரைக் கூட்டும், அதால முழுப் பழியையும் போத்தலில போட மாட்டன். ஆனா அண்டைக்கு வெறும் போத்தலைக் கொண்டுபோய்க் காட்டினாப்பிறகு கிளினிக் நேர்ஸ் மிஸ்ஸி அந்தப் பொடி எழுத்தை வாசிச்சுச் சொன்னா: வைட்டமின் கே 25 மைக்ரோகிராம். வெளிய பெரிசா எழுதியிருந்தது மினரல் எண்டுதான்.

வார்ஃபரின் வேலை செய்யிறதே வைட்டமின் கேயை மறிச்சுத்தான். 25 மைக்ரோகிராம் பெரிய அளவில்லை, ஒரு கோப்பை கீரையில அதைப்போல பல மடங்கு இருக்கும். பிறகு ஏன் எனக்கு இப்பிடி ஆட்டினது? வார்ஃபரின் தொடங்கின நாளில இருந்து நான் பயத்தில கீரை எண்டதையே தொடேல்லை. உடம்பில வைட்டமின் கே கையிருப்பு வத்திப் போயிருந்தா சின்ன அளவு வந்தாலும் ஐஎன்ஆர் அசையும் எண்டு டொக்டர் விளங்கப்படுத்தினார். கீரையை விட்டதுதான் பாதுகாப்பு எண்டு ஒரு வருஷத்துக்கு மேல நினைச்சுக்கொண்டு இருந்தனான், அதுதான் என்னை இப்பிடி லேசா ஆட்டங்காண வச்சிருக்கு.

ஒருக்கா ஐஎன்ஆர் குழம்பினா அது ஒரு நாள் வேலையில்லை. வார்ஃபரினைக் கூட்டினாலும் குறைச்சாலும் முழுசாத் தெரிய கனநாள் எடுக்கும், பிறகு திரும்பக் குத்திப் பாக்கோணும், திரும்ப மாத்தோணும். சாம்பல்தீவில இருந்து விடிய பஸ் பிடிச்சு ரவுணுக்குப் போய் வரிசையில நிண்டு மத்தியானம் திரும்பிறது, மாசத்துக்கு ஒருக்கா எண்டா பரவாயில்லை, கிழமைக்கு ஒருக்கா ரெண்டு மாசம் அலைஞ்சனான். அந்த நாளெல்லாம் ஒரு பக்கம் பாரிசவாதப் பயம், மற்றப் பக்கம் ரத்தம் போற பயம்.

இப்ப என்ன சாப்பிடுறன் எண்டா, ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரே அளவா ஒரு கரண்டி முருங்கையிலை வறை, இல்லாட்டிப் பொன்னாங்காணி. அளவு மாறாம இருக்கிறதுதான் முக்கியம், மச்சாள் வீட்ட போனா வல்லாரைச் சம்பலை அள்ளி வைப்பா, நான் அந்த ஒரு கரண்டியோட நிப்பாட்டிப்போடுவன். மக்னீசியத்துக்கு அவிச்ச பயறு, குரக்கன் புட்டு, பின்னேரம் ஒரு கைபிடி கச்சான். கச்சானில 100 கிராமுக்கு 160 மில்லிகிராமுக்கு மேல மக்னீசியம், வைட்டமின் கே இல்லையெண்டே சொல்லலாம். கடைசி ஒரு வருஷமா என்ர ஐஎன்ஆர் 2.2க்குக் கீழ போகேல்லை, 2.8க்கு மேல ஏறேல்லை.

சாப்பாடு எண்டு கண்ணை மூடிக்கொண்டும் போகேலாது. இளநியைப் பாருங்கோ, 100 மில்லிலீற்றரில கிட்டத்தட்ட 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கு, ஒரு நல்ல இளநி எண்டா டொக்டர்மார் எழுதிற 600 மில்லிகிராம் பொட்டாசியம் குளோரைட் குளிசை ரெண்டில இருக்கிற பொட்டாசியத்தை விடக் கூட. சிறுநீரகம் நல்லா இருந்தா பிரச்சினையில்லை. சிறுநீரக வருத்தம் இருக்கிறவை, லொசாட்டன், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் மாதிரிப் பொட்டாசியத்தை உடம்பில தேக்கிற குளிசை போடுறவை கேட்டுப்போட்டுத்தான் குடிக்கோணும், பொட்டாசியம் அளவுக்கு மீறிக் கூடினாலும் இதயம் நிண்டுபோகலாம். உப்புக்குப் பதிலா விக்கிற குறைஞ்ச சோடியம் உப்பிலயும் பொட்டாசியம் குளோரைட்தான் கிடக்கு.

தனி மக்னீசியக் குளிசையில எனக்கு அனுபவம் ரெண்டு கிழமைதான். வயித்தால போச்சு, வயித்தால போனா ஐஎன்ஆரும் ஏறும் எண்டு நிப்பாட்டிப்போட்டன். ஆனா அதுதான் தேவையான ஆக்களும் இருக்கினம், வயித்து அமிலத்தைக் குறைக்கிற ஒமெப்ரசோல் மாதிரிக் குளிசையைக் கனகாலமாப் போடுறாக்களுக்கு மக்னீசியம் குறையலாம் எண்டு அமெரிக்க மருந்து நிர்வாகமே 2011இல எச்சரிச்சது. அவைக்கு டொக்டர் ரத்தம் பாத்து எழுதித் தந்தா அது பலசரக்குப் போத்தலை விட எவ்வளவோ மேல், உள்ள என்ன இருக்கெண்டு தெரியும், ஒண்டே ஒண்டுதான்.

இரும்புக் குளிசையில மட்டும் தயவுசெய்து கவனமா இருங்கோ. இரும்பு போட்டா மலம் கறுப்பாப் போகும். வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சாலும் மலம் கறுப்புத்தான், தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, கெட்ட மணத்தோட. ரத்தத்தை இளக்கிற குளிசை போடுற எங்களுக்கு அது ஒரு முக்கியமான அறிகுறி, இரும்பு அதை மறைச்சுப்போடும். ரத்தசோகை எண்டு சொன்னா முதல் கேக்கவேண்டியது அந்த ரத்தம் எங்க போகுது எண்டுதான்.

அக்காட்ட இதெல்லாம் சொன்னன், அவ உடன கேட்டா, "அப்ப அத்தானும் அதே போத்தல்தானே எடுக்கிறார்?" எண்டு. அத்தானுக்கும் ஏஎஃப்தான், ஆனா அவர் போடுறது அபிக்ஸபான், அதுவும் ரத்தத்தை இளக்கிற குளிசைதான், ஆனா வைட்டமின் கே வழியில வேலை செய்யிறேல்லை, ஐஎன்ஆர் பாக்கிறதும் இல்லை, அதால என்னை ஆட்டின அந்த 25 மைக்ரோகிராம் அவரை ஒண்டும் செய்யாது. அவருக்குப் பாக்கவேண்டியது சிறுநீரகமும் பொட்டாசியமும், அவர் லொசாட்டனும் போடுறவர். அந்த மருந்து நான் போட்டதில்லை, அதால இதுக்கு மேல நான் சொல்லப்போகேல்லை. அடுத்த முறை டொக்டரிட்டப் போகேக்க போத்தலைக் கையோட கொண்டுபோகச் சொன்னன், பேரைச் சொன்னாக் காணாது, பின்பக்கம் வாசிக்கோணும்.